பிள்ளை கார்ப்பரேஷன் பள்ளியில் படிக்கிறது: வடசென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் இரண்டு பிள்ளைகளும் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் படித்தவர்கள். அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இரண்டு வருஷம் உறுப்பினராக இருந்தேன். அதிலிருந்து காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என்று எங்கிருந்தாவது யாராவது போன் செய்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "அக்கா, ஸ்கூல்ல இப்படிச் சொல்றாங்க, இது சரியா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கல்வி உரிமைச் சட்டம் என்கிறார்களே, அது என்ன?

குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில் எட்டாம் வகுப்பு முடியும்வரை இலவசக் கல்வி தரவேண்டும் என்பது இதன் அடிப்படை. இதில் 'கட்டாயம்' என்ற சொல்லைப் பலர் பெற்றோர் மேல் போட்ட கட்டாயம் என்று புரிந்துகொள்கிறார்கள். பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று சட்டம் ஒரு வரி சொல்வது உண்மைதான். ஆனால் இடம் தருவது, பிள்ளை ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பது, படிப்பை முடிக்க வைப்பது எல்லாம் அரசின் கட்டாயம், உள்ளாட்சி அமைப்பின் கட்டாயம். சென்னையில் உள்ளாட்சி என்றால் மாநகராட்சி. ஹெச்.எம். அறை வாசலில் நிற்கும்போது இது மனதில் இருக்கட்டும். நாம் உதவி கேட்டு அங்கே போய் நிற்கவில்லை.

எங்கள் பள்ளி யாருடையது என்றே தெரியவில்லை. யாரிடம் போவது?

முதலில் பெயர்ப்பலகையைப் படியுங்கள். 'சென்னை பள்ளி', 'பெருநகர சென்னை மாநகராட்சி' என்று இருந்தால் மாநகராட்சிப் பள்ளி. வெறும் 'அரசு' என்று இருந்தால் மாநிலப் பள்ளிக் கல்வித் துறை நடத்துவது. 'அரசு உதவி பெறும்' என்று இருந்தால் நிர்வாகம் தனியார், ஆசிரியர் சம்பளம் அரசு. திருவொற்றியூர், மணலி, மாதவரம் 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தன. அங்கிருந்த அரசுப் பள்ளிகளில் பல பிறகு மாநகராட்சிக்கு மாறின. அதனால் பத்து வருஷத்துக்கு முன்னால் அண்ணன் படித்தபோது இருந்த நிலைமையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மாநகராட்சிப் பள்ளி என்றால் ஹெச்.எம்., அவருக்கு மேல் உதவிக் கல்வி அலுவலர், அதற்கும் மேல் ரிப்பன் மாளிகையில் கல்வி அலுவலரும் துணை ஆணையரும். துறைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று போகும். நம் பக்கத்து மாநகராட்சி மண்டலங்கள் ஆறு: திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர். உங்கள் மண்டல எண்ணையும் வார்டு எண்ணையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எந்த மனுவுக்கும் தேவைப்படும்.

"சீட் இல்லை, அடுத்த வருஷம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. தேதி முடிந்துவிட்டது என்றும் மறுக்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிப் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, அதுவும் இல்லையென்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும். தமிழ்நாட்டு விதிகளின்படி ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்து வரை வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். அந்தப் பள்ளியில் இடமே இல்லாவிட்டால், பக்கத்தில் எங்கே சேர்க்கலாம் என்று பார்த்துச் சேர்த்துவிட வேண்டியது அவர்கள் வேலை. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் பள்ளி பள்ளியாக நீங்கள் அலைய வேண்டியதில்லை.

ஆதார் கட்டாயமா?

பள்ளியில் சேர்க்க ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆதார் இல்லை என்பதற்காகக் குழந்தைக்கு வரவேண்டிய சலுகையையும் நிறுத்தக் கூடாது. உதவித்தொகை, வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் பின்னால் சுலபமாக இருக்கும் என்பதால் எடுத்து வைப்பது நல்லதுதான். ஆனால் சேர்க்கையை அதற்காக நிறுத்தி வைத்தால், "எழுதிக் கொடுங்க மேடம், நான் மேலே கேட்டுக்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு மாறிவிடும்.

தனியார் பள்ளியில் ஃபீஸ் பாக்கி. டி.சி. தரமாட்டேன் என்கிறார்கள். இங்கே டி.சி. இல்லாமல் எடுப்பார்களா?

எடுக்க வேண்டும். டி.சி. வர தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. கொரோனாவுக்குப் பிறகு நம் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் தனியார் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை மாற்றின. ஆட்டோ ஓட்டுகிறவர், மீன் விற்கிறவர், பட்டறையில் வேலை போனவர் என்று எல்லோரும் அதில் உண்டு. பாக்கிப் பணத்துக்காகப் பிள்ளை ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்த கதைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த வருஷத்தை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

நடைமுறையில் இன்னொரு முடிச்சு உண்டு. பிள்ளையின் விவரம் 'எமிஸ்' என்ற கணினிப் பதிவில் பழைய பள்ளியின் பெயரில் இருக்கும். அவர்கள் அதை 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் புதிய பள்ளியால் எடுத்துக்கொள்ள முடியும். பழைய பள்ளி விட மறுத்தால், நீங்கள் போய்ச் சண்டை போட வேண்டாம். புதிய பள்ளியின் ஹெச்.எம். மூலமாகவே கல்வி அலுவலருக்கு எழுதச் சொல்லுங்கள். அது முடியும்வரை பிள்ளை வகுப்பில் உட்காரட்டும்.

வருஷத்தின் நடுவில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பிள்ளை படிப்பு?

கால்வாய்க்கரை, ரயில்வே ஓரம், கடற்கரை ஓரம் என்று குடியிருந்தவர்களைப் பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று நகரத்தின் இன்னொரு மூலைக்கு அனுப்பும்போது பள்ளி வருஷத்தை யாரும் யோசிப்பதில்லை. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. ஏனென்றால் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு பஸ் மாறி, பழைய பள்ளிக்கே வந்து பத்தாம் வகுப்பை முடித்த பெண்களை எனக்குத் தெரியும். பாதியில் நின்றுபோனவர்களையும் தெரியும்.

சட்டப்படி அரசுப் பள்ளியிலிருந்து இன்னொரு அரசுப் பள்ளிக்கு எந்த மாதத்திலும் மாறலாம். பழைய பள்ளி ஹெச்.எம். உடனே டி.சி. தர வேண்டும். தாமதித்தால் அவர் மேல் துறை நடவடிக்கை உண்டு. காலி செய்யும் தேதி தெரிந்ததுமே தெருவில் உள்ள பள்ளிப் பிள்ளைகளின் பெயர், வகுப்பு, எமிஸ் எண் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுதி, வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கும் கல்வி அலுவலருக்கும் கொடுங்கள். தனித்தனியாகப் போனால் தனித்தனியாகக் காத்திருக்க வேண்டும்.

வெள்ளத்தில் சான்றிதழ் நனைந்து போனவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் புயலுக்குப் பிறகு நிறையப் பேர் கேட்டார்கள். பள்ளிப் பதிவேட்டிலும் எமிஸிலும் விவரம் இருக்கும், நகல் கேட்டு மனு கொடுங்கள்.

பணம் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

எட்டாம் வகுப்பு வரை எந்தக் கட்டணமும் கிடையாது. நன்கொடையோ சேர்க்கைக்கான தேர்வோ கூடாது. பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று சிறு தொகை கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத பணம் எதற்கும் கொடுக்காதீர்கள். பணம் கொடுக்காத பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தினால் அது தண்டனை, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பிள்ளை இரண்டு வருஷம் பள்ளிக்கே போகவில்லை. இப்போது வயது பதினொன்று. ஒன்றாம் வகுப்பில் உட்கார வைப்பார்களா?

மாட்டார்கள். வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தரவேண்டும் என்பது 4-ஆம் பிரிவு. பதினான்கு வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை இலவசம் தொடரும். பெரிய பையன் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டே படிப்பை விடுகிறான், அதைத் தடுக்கத்தான் இந்தப் பிரிவு.

எவர்சில்வர் பாலிஷ் பட்டறைக்கோ, மீன் ஏலக் கூடத்துக்கோ போய்விட்ட பிள்ளைக்கும் இதேதான். 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைப்பது குற்றம். ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கு விலக்கு உண்டு.

ஐந்தாம் வகுப்பு படிக்கிறான், வாசிக்கத் தெரியவில்லை. "நீங்க வீட்டில் சொல்லிக் கொடுக்கணும்" என்கிறார் டீச்சர்.

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகமாக வருகிறது. கேட்கும்போது அம்மாக்கள் குரல் தாழ்ந்துவிடும், தப்பு தங்கள் மேல் என்று நினைக்கிறார்கள். விடிகாலையில் காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்றுவிட்டு வருகிறவர் எப்போது சொல்லிக் கொடுப்பார்? அவருக்கே எழுதத் தெரியாவிட்டால்?

சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும். பெற்றோரை அடிக்கடி கூட்டி, வருகையும் முன்னேற்றமும் எப்படி என்று சொல்ல வேண்டும். இவை ஆசிரியர் விருப்பப்பட்டால் செய்கிற நல்ல காரியங்கள் இல்லை, வேலையின் பகுதி. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் வரவேண்டும் என்பதற்காகத்தான். ஆகவே ஆசிரியரிடம் இப்படிக் கேளுங்கள்: "என் பிள்ளை இப்போ எந்த நிலையில இருக்கான்? எழுத்து தெரியுமா, வார்த்தை தெரியுமா, வரி படிப்பானா? அடுத்த ரெண்டு மாசத்தில் நீங்க என்ன செய்யப் போறீங்க? நான் வீட்டில் என்ன செய்யணும்?" மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஆசிரியருக்கும் நாம் அக்கறையோடு வந்திருக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

டியூஷனுக்கு வரச் சொன்னால்? பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர் தனியாகப் பணம் வாங்கி டியூஷன் எடுப்பதைச் சட்டம் தடை செய்கிறது.

ஃபெயில் போடுவார்களா?

2019-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு வழி விட்டது. தமிழ்நாடு அந்தப் பொதுத்தேர்வை அறிவித்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கு விதியை மாற்றியபோதும், இங்கே எட்டு வரை தேர்ச்சி தொடரும் என்றே மாநில அரசு சொன்னது. நிறுத்தி வைப்பதால் வாசிக்கத் தெரிந்துவிடாது என்பது என் கருத்தும்.

டீச்சர் அடிக்கிறார். "ரெண்டு போட்டாத்தான் படிப்பான்" என்று நாமே சொல்லியிருக்கிறோமே?

நாமே சொல்லியிருந்தாலும் செல்லாது. 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. இது பிரம்படியோடு நிற்காது. முட்டி போட வைப்பது, வெயிலில் நிற்க வைப்பது, சாதியைச் சொல்லித் திட்டுவது, "குப்பத்துப் பசங்க இப்படித்தான்" என்று வகுப்பின் நடுவில் சொல்வது எல்லாமே வரும். இந்தக் கடைசி வாக்கியம் வடசென்னைப் பிள்ளைகள் காதில் எத்தனை முறை விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அடியின் தழும்பு ஒரு வாரத்தில் போய்விடும், இது போகாது.

கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே, 2003-ல், தமிழ்நாடு தன் கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளியில் அடிப்பதை நீக்கிவிட்டது. அடி பலமாக இருந்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவிலும் வழக்கு வரும்.

என்ன செய்ய வேண்டும்? காயம் இருந்தால் அன்றைக்கே தேதியோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டான்லி போன்ற அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, சீட்டில் எப்படிப் பட்டது என்று எழுதச் சொல்லுங்கள். பிள்ளையிடம் ஒருமுறை மட்டும், நிதானமாக, என்ன நடந்தது என்று கேளுங்கள், திரும்பத் திரும்பக் கிளறாதீர்கள். அடுத்து ஹெச்.எம்.மிடம் எழுத்தில் கொடுங்கள். நான்கைந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆசிரியரை வகுப்பிலேயே மிரட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். அது நம் பக்கத்து நியாயத்தையும் கெடுத்து, பிள்ளையையும் கூனிக் குறுக வைக்கும்.

அடியை விட மோசமான ஒன்று நடந்திருக்குமோ என்று சந்தேகம்.

தாமதிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள், அல்லது மகளிர் காவல் நிலையம் போங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-ன்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "பள்ளி பேர் கெட்டுடும், உள்ளேயே பேசிக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை ஒரு பெண் போலீஸ் அதிகாரி, சீருடை போடாமல் வந்து பதிவு செய்ய வேண்டும். பெற்றோரோ பிள்ளை நம்புகிற ஒருவரோ கூட இருக்கலாம். பிள்ளையின் பெயர் வெளியே வரக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் நீங்களும் போடாதீர்கள்.

கழிவறைக்குக் கதவில்லை, தண்ணீரில்லை. யாரிடம் சொன்னாலும் "ஃபண்ட் வரலை" என்கிறார்கள்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிவறை, பாதுகாப்பான குடிநீர், எல்லாக் காலத்துக்கும் தாங்கும் கட்டடம், விளையாட இடம், நூலகம், சத்துணவுக் கூடம் எல்லாம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. ஃபண்ட் வரவில்லை என்பது அலுவலகங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம், பிள்ளைகளுக்குச் சொல்கிற பதில் அல்ல.

என் மகள் படித்த பள்ளியில் பெண்கள் கழிவறையின் தாழ்ப்பாள் உடைந்து மாதக்கணக்காக அப்படியே கிடந்தது. காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகிவிட்டாள், அதனால் சிறுநீர்த் தொற்று வந்தது. டாக்டர் கேட்டபோதுதான் காரணமே எனக்குத் தெரிந்தது. அந்த வெட்கத்திலும் கோபத்திலும்தான் மேலாண்மைக் குழுவில் சேர்ந்தேன். குழுவில் தீர்மானம் எழுதி, பன்னிரண்டு அம்மாக்கள் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைக் கவுன்சிலரிடமும் ஒரு நகலை மண்டல அலுவலகத்திலும் கொடுத்தோம். வாயால் சொன்னபோது மாதக்கணக்கில் நடக்காதது, காகிதம் போன பிறகு மூன்று வாரத்தில் நடந்தது. ஒரு தாழ்ப்பாள்தான், ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் தண்ணீர் குடித்தார்கள்.

மேலாண்மைக் குழுவும் பி.டி.ஏ.வும் ஒன்றா?

இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் பழைய அமைப்பு, பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்கள் கையில் இருப்பது. பள்ளி மேலாண்மைக் குழு, அதாவது எஸ்.எம்.சி., கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் வருவது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய இடம் தர வேண்டும். தலைவர் பெற்றோரில் ஒருவர். தமிழ்நாட்டில் 2022-லும் 2024-லும் குழுக்கள் மாற்றி அமைக்கப்பட்டன, பதவிக்காலம் இரண்டு வருஷம்.

மாதம் ஒருமுறை கூட வேண்டும். பள்ளிக்கு வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும் குழுவின் வேலை. ஆனால் பல இடங்களில் உறுப்பினர்களைக் கூப்பிட்டு, எழுதி முடித்த தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அதில் எந்த அவமானமும் இல்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி போடுங்கள். கீழே காலியாக விட்ட இடம் இருந்தால் குறுக்கே கோடு போடச் சொல்லுங்கள்.

வகுப்பில் டீச்சரே இல்லை. ஓட்டர் லிஸ்ட் வேலைக்குப் போய்விட்டார் என்கிறார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் அனுப்பலாம், மற்றவற்றுக்குக் கூடாது. அனுப்பினாலும் வகுப்பு காலியாகக் கிடக்கக் கூடாது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு என்பது அட்டவணை. ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைக்கு ஒருவர். எண்ணிப் பாருங்கள், குறைந்தால் குழுவில் தீர்மானம் போடுங்கள்.

பக்கத்து வீட்டில் பீகார்க் குடும்பம். அந்தப் பிள்ளைகளுக்கும் இது உண்டா?

உண்டு. மணலி, மாதவரம் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள் ஏராளம். சட்டத்தில் 'ஒவ்வொரு குழந்தைக்கும்' என்றுதான் இருக்கிறது. அவர்களுக்கு மொழியும் தெரியாது, அலுவலகமும் தெரியாது. நீங்கள் ஒருநாள் கூடப் போய் நின்றாலே போதும், சேர்த்துக்கொள்வார்கள்.

நடக்க முடியாத பிள்ளை. "ஸ்பெஷல் ஸ்கூலுக்குக் கூட்டிப் போங்க" என்கிறார்கள்.

முடிவு உங்களுடையது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, நாற்பது விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. எது என்பதைப் பெற்றோரும் பிள்ளையும்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சாய்தளம், கைப்பிடி, கழிவறை வசதி கேளுங்கள். வகுப்பு மாடியில் இருந்தால் அந்த வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். செலவே இல்லாத காரியம் இது.

சாதி எழுத விருப்பமில்லை. கட்டாயமா?

இல்லை. 'சாதி இல்லை, மதம் இல்லை' என்று குறிப்பிடவோ அந்த இடத்தைக் காலியாக விடவோ 1973-லேயே அரசாணை உண்டு. ஆனால் இடஒதுக்கீடும் உதவித்தொகையும் தேவைப்படும் குடும்பம் யோசித்துச் செய்யுங்கள்.

சாப்பாடு சரியில்லை என்று சொன்னால் "இலவசமாத்தானே தர்றோம்" என்கிறார்கள்.

நம் பழைய வண்ணாரப்பேட்டைக்காரரான பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-ல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. மாநகராட்சிப் பள்ளியில் சோறு போடும் வழக்கத்துக்கு நூறு வருஷம் தாண்டிவிட்டது. 2022-ல் காலை உணவும் வந்தது. உணவைச் சுவைத்துப் பார்க்கவும், சமைக்கும் இடத்தைப் பார்க்கவும் குழு உறுப்பினர்கள் போகலாம். சமைக்கிற அக்காக்களைக் குறை சொல்வதற்கு முன் அரிசியும் பருப்பும் எந்த நிலையில் வந்தன என்று பாருங்கள்.

மனு எப்படி எழுதுவது?

பெரிய தமிழ் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, என் மகள் இந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கடந்த இரண்டு மாதமாகப் பெண்கள் கழிவறையில் தண்ணீர் இல்லை. இதனால் பிள்ளைகள் சிரமப்படுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி இந்த வசதி இருக்க வேண்டும். சரிசெய்து, எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

என்ன, எப்போதிலிருந்து, என்ன வேண்டும், இந்த மூன்றும் வந்தால் அது நல்ல மனு. இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் கையெழுத்தும் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி, எழுத்துப் புகார் வந்தால் உள்ளாட்சி அமைப்பு சம்பந்தப்பட்டவர்களை விசாரித்து மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். போனில் சொல்ல வேண்டுமானால் பள்ளிக் கல்விக்கு 14417, மாநகராட்சிக்கு 1913, முதல்வர் உதவி மையம் 1100. புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள்.

பணம் எவ்வளவு வந்தது, எத்தனை பணியிடம் காலி என்று தெரிய வேண்டுமா? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும்.

உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளியில் படிக்கிறான். இதெல்லாம் அங்கே செல்லுமா?

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, பெரம்பூரில் இப்படிப் பள்ளிகள் நிறைய. 2014-ல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மை நிறுவனங்களுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னது. அதனால் மேலே சொன்ன பிரிவு எண்களை அங்கே காட்ட முடியாது. ஆனால் போக்சோவும் இளைஞர் நீதிச் சட்டமும் எல்லாப் பள்ளிக்கும் பொருந்தும். அரசுப் பணம் வாங்கும் பள்ளி என்பதால் கல்வி அலுவலருக்கும் எழுதலாம்.

எல்லாம் சரி. புகார் கொடுத்தால் கோபத்தைப் பிள்ளை மேல் காட்டுவார்களே?

பயம் நியாயமானது. அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஐந்து பேர் கையெழுத்துப் போட்ட மனுவில் எந்தப் பிள்ளையைக் குறிவைப்பது? முடிந்தவரை குழுத் தீர்மானமாகக் கொடுங்கள், அப்போது அது பள்ளியின் குரல் ஆகிவிடும். ஆளைத் திட்டாமல் குறையை மட்டும் எழுதுங்கள். நல்லது நடந்தபோதும் ஒரு நன்றிக் கடிதம் கொடுங்கள். எங்கள் பள்ளி ஹெச்.எம். அந்தத் தாழ்ப்பாள் மனுவை முதலில் முகம் சுளித்துத்தான் வாங்கினார். வேலை முடிந்தபின் நாங்கள் கொடுத்த நன்றிக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுத் தன் அறையில் மாட்டினார். அடுத்த மாதம் அவரே எங்களைக் கூப்பிட்டு, "குடிதண்ணீர் டேங்குக்கும் இதே மாதிரி ஒரு மனு எழுதித் தாங்கம்மா, நான் கேட்டா நடக்க மாட்டேங்குது" என்றார். அன்று சாயந்தரமே பள்ளி வாசலில் உட்கார்ந்து எழுதினோம், பதினெட்டுக் கையெழுத்து.